டிஸ்டோபியக் கதையில் கள்ளமற்ற குழந்தை: சேர்வராயன் மலைச் சாலையில் வைத்து ஒரு முழுமையான எழுத்து வழிகாட்டி

கொடுங்கோன்மை முழுமையடைந்துவிட்ட ஒரு கற்பனைச் சமூகத்தை, அதாவது டிஸ்டோபியாவை, எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஓர் இடத்தில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சாம்பல் படிந்த தெருவில் ஒரு சிறுமி நிற்பாள், அவள் கையில் ஒரு பூ இருக்கும். அதைப் பார்த்தவுடன் வாசகர் "நம்பிக்கை" என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார். குழந்தையைப் பார்த்தவுடனேயே அதன் பொருள் தீர்ந்துபோனால் அதைக் குறியீடு என்று சொல்வதற்கில்லை. அது வெறும் அறிவிப்புப் பலகை. குழந்தைப் பாத்திரத்தை அந்த நிலையிலிருந்து மீட்டு, கதையின் அரசியலைத் தாங்கக்கூடியதாக அமைப்பது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்த வழிகாட்டியின் வேலை.

நம் மொழியில் இதற்கு மிகப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. புறநானூற்றின் 46-ஆம் பாட்டில், தோற்றுப்போன மலையமானின் பிள்ளைகளை யானையின் காலில் இட்டுக் கொல்லச் சோழன் கிள்ளிவளவன் ஏற்பாடு செய்கிறான். கோவூர்கிழார் குறுக்கே நின்று பாடுகிறார். "களிறு கண்டு அழூஉம் அழாஅல் மறந்த புன்தலைச் சிறாஅர்" என்கிறார். அதுவரை அழுதுகொண்டிருந்த பிள்ளைகள், தங்களைக் கொல்லக் கொண்டுவந்த யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிடுகிறார்கள். அதன் பிறகுதான் மன்றத்தில் கூடியிருக்கும் பெரியவர்களை மருண்டு பார்த்து, முன்பு அறியாத ஒரு புதிய துன்பத்தை அடைகிறார்கள். கொலைக்கருவி அவர்களுக்கு வேடிக்கையாகவும், அதைச் சூழ்ந்து நிற்கும் மனிதர்கள் அச்சமாகவும் தெரிகிறார்கள். பிள்ளைகள் நல்லவர்கள், தூய்மையானவர்கள் என்று கோவூர்கிழார் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவர்களுக்கு எது தெரியாது என்பதைத் துல்லியமாகக் காட்டுகிறார், அந்த ஒன்றே அரசவையை அம்பலப்படுத்திவிடுகிறது. இனி வரும் படிகள் யாவும் இந்த ஒரு நுட்பத்தின் விரிவுதான்.

விளக்கத்துக்கு உதவியாக, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சேர்வராயன் மலைச்சாலையில் நடக்கும் ஒரு கற்பனைக் கதையைப் படிக்குப் படி கட்டிக்கொண்டு போவோம்.

படி 1: குழந்தையை எழுதுவதற்கு முன் விதியை எழுதுங்கள்

டிஸ்டோபியக் கதையின் முதல் பாத்திரம் சட்டம். அது ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடியதாகவும், அதைப் போட்டவர்களுக்கு நியாயமாகத் தோன்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். "அரசு மக்களை ஒடுக்குகிறது" என்பதை வைத்துக்கொண்டு ஒரு காட்சியைக்கூட எழுத முடியாது.

நம் மாதிரிக் கதையின் விதியை மலையே தருகிறது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே ஏறக்குறைய எட்டு டிகிரி வேறுபாடு இருக்கும். இப்போது கோடை மனிதர்களைக் கொல்லும் அளவுக்கு முற்றிவிட்ட ஓர் எதிர்காலத்தைக் கற்பனை செய்யுங்கள். குளிர்ச்சி பங்கீட்டுப் பொருளாகிவிட்டது. ஒவ்வொரு வளைவும் ஒரு சோதனைச் சாவடி. ஒவ்வொருவருக்கும் அவர் வாழ அனுமதிக்கப்பட்ட வளைவின் எண் உண்டு. தம் எண்ணுக்கு மேல் ஏறுவது குற்றம். விதி அவ்வளவுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஏற்காடு என்றதும் மூடுபனியையும் படகுத்துறையையும் எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சுற்றுலாப் பயணியின் கண்ணால் பார்த்த மலையில் கொடுங்கோன்மை வேர் பிடிக்காது. காப்பித் தோட்டத்து வேலை, நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் படரும் மிளகுக்கொடி, பாக்சைட் வெட்டியெடுத்த சரிவுகள், மலையாளி பழங்குடியினரின் ஊர்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கினால், அரசு எதைப் பறிக்கும், யாரிடமிருந்து முதலில் பறிக்கும் என்பது தானாகவே தெரிய வரும்.

படி 2: குழந்தைக்கு எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

இந்த வகைக் கதைகளில் குழந்தை பார்க்கும் வேலைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. அவற்றைக் கலந்துவிடுவதுதான் பெரும்பாலான பிரதிகளின் கோளாறு.

குழந்தை விலையாக இருக்கலாம். உர்சுலா லெ க்வின் 1973-இல் வெளியிட்ட ஒமேலாஸ் சிறுகதையில், ஒரு நகரத்தின் மகிழ்ச்சி முழுவதும் ஒரு நிலவறையில் அழுக்கில் அடைத்து வைக்கப்பட்ட ஒரே குழந்தையின் துன்பத்தின் மீது நிற்கிறது. நகரத்தார் அனைவருக்கும் அது தெரியும். அந்தக் குழந்தைக்குப் பெயரோ தனிக் குணமோ தரப்படாததால், வாசகரின் பார்வை குழந்தையிடம் தேங்காமல் நகரத்தாரின் மனச்சாட்சிக்குத் திரும்புகிறது. குழந்தை நீதிபதியாகவும் இருக்கலாம்: கார்மக் மெக்கார்த்தியின் 2006-ஆம் ஆண்டு நாவலான 'த ரோட்'டில், அழிந்த உலகில் தந்தையோடு நடக்கும் சிறுவன், வழியில் காண்பவர்களுக்கு உதவலாமா என்று கேட்டுக் கேட்டே, உயிர்பிழைப்பதற்காகத் தந்தை செய்யும் ஒவ்வொன்றையும் விசாரணைக்கு உள்ளாக்குகிறான். பி.டி. ஜேம்ஸின் 1992-ஆம் ஆண்டு நாவலான 'த சில்ட்ரன் ஆஃப் மென்'னில் பிறப்பே நின்றுபோய்விடுகிறது. அங்கே குழந்தை இல்லாமையே குறியீடு.

நம் மொழியில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைச் சொல்ல வேண்டும். அந்த உலகில் குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி தேவை. ஆனால் வாசகரின் அன்பைக் கவர்வது அந்தப் பிறக்காத குழந்தையைவிட ஜீனோ என்ற இயந்திர நாய்தான். குழந்தைக்குரிய குறும்பையும் கேள்வியையும் ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்தது, என் மதிப்பீட்டில், அந்த நாவலின் மிகக் கூர்மையான முடிவு.

எல்லாவற்றுக்கும் எதிர்முனையில் ஜார்ஜ் ஆர்வெலின் 1949-ஆம் ஆண்டு நாவலான '1984' நிற்கிறது. பார்சன்ஸ் என்பவர் தூக்கத்தில் உளறியதைச் சாவித்துவாரத்தின் வழியே ஒட்டுக்கேட்டுக் காட்டிக்கொடுப்பது அவருடைய ஏழு வயது மகள். தந்தை அதற்காக அவளைப் பற்றிப் பெருமைப்படுகிறார். குழந்தை என்றாலே அரசுக்கு எதிரானது என்ற இனிய நம்பிக்கையை இந்த ஓர் இடம் உடைத்துவிடுகிறது.

நம் கதையின் சிறுமிக்கு நீதிபதியின் வேலையைக் கொடுப்போம். அவளுக்கு வயது ஆறு, பெயர் சரசு. பன்னிரண்டாம் வளைவில் தன் அம்மாயியோடு, அதாவது அம்மாவின் அம்மாவோடு, வாழ்கிறாள். விடியல், ஒளி, நம்பிக்கை போன்ற பெயர்களை வைத்துக் காரியத்தைச் சுலபமாக்கிக்கொள்ள வேண்டாம்.

படி 3: அவளுக்குத் தெரியாத ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்

கள்ளமின்மையைப் பொதுக் குணமாக எழுதினால் சர்க்கரைப் பாகு ஆகிவிடும். சரசுவுக்குப் பசி தெரியும். தண்ணீர் வரும் நேரம் தெரியும், பிணத்தைத் துணியில் சுற்றிக் கீழே இறக்குவதை அவள் பார்த்திருக்கிறாள், எந்தக் காவலரிடம் சிரிக்க வேண்டும் என்பதும் தெரியும். கொடுமையான உலகில் பிறந்த குழந்தைக்கு அந்த உலகம் இயல்பானது. அவள் அதைக் கண்டு அதிர்ச்சியடைய மாட்டாள். அதிர்ச்சியடையும் சிறுமியை எழுதினால், நம் காலத்துக் குழந்தையைத் தூக்கி அந்த உலகத்தில் வைத்துவிட்டோம் என்று பொருள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: வளைவின் எண் மனிதரின் தரத்தைக் குறிக்கிறது என்பது. அவளுக்கு அது எண்ணிக்கை மட்டுமே. பன்னிரண்டுக்குப் பிறகு பதின்மூன்று வரும், அதற்குப் பிறகு பதினான்கு வரும். அதில் மேலும் இல்லை, கீழும் இல்லை. இந்த ஒரு வெற்றிடத்தைத் தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு மீதிக் கதையை எழுதுங்கள்.

படி 4: வயதை அறிவோடு பொருத்துங்கள்

மூன்று வயதுக் குழந்தையும் ஒன்பது வயதுக் குழந்தையும் ஒரே குறியீடாக முடியாது. மற்றவர் மனத்தில் தவறான எண்ணம் இருக்கக்கூடும் என்பதைக் குழந்தைகள் பொதுவாக நான்கு, ஐந்து வயதில்தான் புரிந்துகொள்கிறார்கள் என்று வளர்ச்சி உளவியல் சொல்கிறது; ஆகவே மூன்று வயதுக் குழந்தையைக் கொண்டு திட்டமிட்ட பொய் சொல்ல வைக்காதீர்கள்.

இதைவிட முக்கியமானது சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932-இல் வெளியிட்ட ஆய்வு. கோலிக்குண்டு ஆடும் சிறுவர்களிடம் ஆட்டத்தின் விதிகள் எங்கிருந்து வந்தன, அவற்றை மாற்றலாமா என்று கேட்டு, சிறிய பிள்ளைகள் விதியை மாற்றவே முடியாத புனிதப் பொருளாகக் கருதுகிறார்கள் என்றும், வளர வளரத்தான் அது ஆடுவோர் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு என்று உணர்கிறார்கள் என்றும் அவர் காட்டினார். டிஸ்டோபியா எழுதுகிறவருக்கு இது பொக்கிஷம். சிறு குழந்தை இயல்பிலேயே கலகக்காரி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் விதியைப் பெரியவர்களைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்வது அவள்தான். ஆர்வெலின் அந்த ஏழு வயதுச் சிறுமி நம்பத்தக்கவளாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

படி 5: அவளுக்கு வேறொரு விதியைக் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் வேறெதையும் பின்பற்றாவிட்டாலும் இந்தப் படியைப் பின்பற்றுங்கள். குழந்தை அரசின் விதியை வேண்டுமென்றே மீறக் கூடாது. அவள் வேறொரு விதிக்கு முழு மனத்தோடு கட்டுப்பட்டிருக்க வேண்டும். இரண்டு விதிகளும் ஒரே இடத்தில் மோதும்போது, அரசின் விதி எவ்வளவு வெறுமையானது என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

சரசு பாண்டி ஆடுகிறாள். கரித்துண்டால் சாலையில் கட்டம் போட்டு, நொண்டியடித்து, கோட்டை மிதிக்காமல் ஆடும் அந்த ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்ததே. அவள் தன் கட்டங்களுக்கு வளைவுகளின் எண்களையே எழுதியிருக்கிறாள், ஏனென்றால் அவள் பார்த்து எழுதக் கற்ற எண்கள் அவை மட்டுமே. ஒரு நாள் அவள் எறிந்த சில்லு உருண்டுபோய், சாவடியின் மஞ்சள் கோட்டைத் தாண்டி மேல் வளைவுக்காரர்களின் பக்கத்தில் விழுகிறது. தன் சில்லைத் தானே போய் எடுத்து வர வேண்டும், வேறொருவர் எடுத்துக் கொடுத்தால் ஆட்டம் போச்சு என்பது அவளுடைய சட்டம். அவள் நொண்டியடித்துக்கொண்டே கோட்டைத் தாண்டுகிறாள். கோட்டை மிதிக்கவில்லை, அதில் அவள் மிகக் கவனமாக இருக்கிறாள்.

காவலர் ஓடி வருகிறார். இந்த இடத்தில் எழுதுகிறவரின் கை நீளமான வசனத்துக்குத் துடிக்கும். "மனிதர்களைக் கோடு போட்டுப் பிரிக்கலாமா?" என்று ஆறு வயதுக் குழந்தை கேட்டால் அது ஆசிரியரின் குரல். சரசு ஒற்றைக் காலில் நின்றபடி, மூச்சு வாங்கிக்கொண்டு, இதைத்தான் கேட்பாள்:

"ஏன் மாமா, இங்கயும் அதே காத்துதான அடிக்குது?"

முதல் படியில் போட்ட கணக்கு இப்போது பயன்படுகிறது. எட்டு டிகிரியை இருபது வளைவுகளுக்குப் பங்கிட்டால் ஒரு வளைவுக்குச் சராசரியாக அரை டிகிரிகூட இல்லை. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உள்ள வேறுபாடு உயிர் காக்கும் வேறுபாடு; அடுத்தடுத்த இரண்டு வளைவுகளுக்கு இடையே தோலால் அறியக்கூடிய வேறுபாடு எதுவும் இல்லை. சாவடியில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் இது உடம்பால் தெரியும். ஆனால் தன் எண்ணைவிடச் சிறிய எண் ஒன்று கீழே இருக்கும்வரை அதை வாயால் சொல்ல யாரும் துணிவதில்லை. சரசு எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை, காற்றைப் பற்றிச் சொன்னாள், அவ்வளவுதான். விதியின் உள்ளீடற்ற தன்மை அங்கே வெளிப்பட்டுவிட்டது.

குழந்தையின் மற்ற விதிக்கு ஆட்டம் ஒன்றே வழி என்றில்லை. பொம்மைக்குச் சோறூட்டும் ஒழுங்கு, அம்மாயி சொன்ன கதையில் வரும் தடை, செத்த பறவைக்குச் செய்ய வேண்டிய சடங்கு என்று பலவும் பொருந்தும். அந்த விதி அரசின் விதியைப் போலவே கறாராக இருப்பதும், யாரையும் தண்டிக்காததாக இருப்பதும் போதும்.

படி 6: அழைக்கும் முறையில் கவனம் வையுங்கள்

மேலே சரசு காவலரை "மாமா" என்றாள். நம் ஊரில் குழந்தை அறிமுகமற்ற பெரியவரை அழைக்க வேண்டுமானால் உறவுமுறை சொல்லித்தான் அழைக்கும். நம் கதையின் அரசு, சீருடை அணிந்தவரை எல்லோரும் "ஐயா" என்றுதான் அழைக்க வேண்டும் என்று ஆணையிட்டிருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த "மாமா" காவலரை நிலைகுலையச் செய்யும். அவர் அவளை அடிக்கலாம், விட்டுவிடலாம். எதைச் செய்தாலும் ஒரு மாமாவாகத்தான் செய்ய வேண்டியிருக்கும். வேற்றுமொழிக் கதைகளைப் பின்பற்றி எழுதும்போது நாம் இழந்துவிடும் வசதி இது.

படி 7: பக்கத்தில் நிற்கும் பெரியவரை எழுதுங்கள்

குழந்தை மாறுவதில்லை, மாறுவது பெரியவர்தான். ஆகவே கதையின் உண்மையான பாதை அம்மாயியுடையது. பேத்திக்கு எண்களின் பொருளைச் சொல்லிக்கொடுத்தால் அவள் பிழைப்பாள், ஆனால் கதை தொடங்கியபோது இருந்த சரசுவாக இருக்க மாட்டாள்; சொல்லிக்கொடுக்காவிட்டால் ஒரு நாள் கோட்டைத் தாண்டியதற்காகச் சாவாள். கள்ளமின்மையைக் காப்பது ஒரு வகைக் கொலையாகவும், அதை அழிப்பது ஒரு வகைக் காப்பாகவும் ஆகிவிடும் இந்த நெருக்கடியை முழுமையாக எழுதுங்கள். அம்மாயி சில்லை எடுத்து ஒளித்து வைப்பது, கட்டங்களைக் காலால் அழிப்பது, மறுநாள் தானே மீண்டும் போட்டுக் கொடுப்பது என்று செயல்களாலேயே அவருடைய தடுமாற்றத்தைச் சொல்லிவிடலாம். அவர் பேத்தியின் முகத்தைப் பார்த்துக் கண்கலங்கும் பத்தியை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

படி 8: ஒரு பொருள் போதும்

சேலத்தை எழுதுகிறவருக்குக் கொலுசு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையிலும் அதைச் சுற்றிலும் உள்ள பட்டறைகளால் ஊருக்கே பேர் உண்டு. ஆனால் அதன் ஓசையைக் கள்ளமின்மையின் இசையாக்கிவிடாதீர்கள். வெள்ளி கிடைக்காத காலத்தில் கண்ணி சேர்த்துப் பெரிதாக்க முடியாமல், சரசுவின் கால் வளர வளர அவள் கணுக்காலை அறுக்கத் தொடங்கும் கொலுசை எழுதுங்கள். காலம் நகர்வதை அது சொல்லும், அதைக் கழற்ற வேண்டிய நாள் அம்மாயியின் முடிவையும் விரைவுபடுத்தும்.

படி 9: இந்த மண்ணின் வரலாற்றுக்குப் பதில் சொல்லுங்கள்

எந்தக் குழந்தை வாழலாம் என்ற கேள்வி இந்த மாவட்டத்தில் கற்பனைக் கேள்வியாக மட்டும் இருந்ததில்லை. பெண்சிசுக் கொலையைத் தடுப்பதற்காகத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதன்முதலில் தொடங்கப்பட்டது சேலம் மாவட்டத்தில்தான். பெற்றோர் வளர்க்க விரும்பாத சிசுவை அரசின் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்பது அந்த ஏற்பாடு. வெள்ளிப் பட்டறைகளில் சிறுவர்கள் கொத்தடிமைகளாக வேலை செய்ததும் பதிவான வரலாறு.

சரசு பெண்குழந்தை என்பதால், இங்குள்ள வாசகர் இவற்றை நினைக்காமல் படிக்க மாட்டார். இதற்காக உரையாடலில் வரலாற்றுப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் "அந்தக் காலத்தில் குழந்தைகளைக் கொண்டாடினோம், இந்த எதிர்கால அரசு வந்து கெடுத்தது" என்ற தொனி மட்டும் வந்துவிடக் கூடாது. அம்மாயியின் நினைவில், அவருடைய தாய் சொன்ன ஒரு பெயரிடப்படாத தங்கை இருந்தால், அரசின் கொடுமை வானத்திலிருந்து குதித்ததில்லை என்பது விளங்கும். இந்த நேர்மை இல்லாத டிஸ்டோபியா பழம்பெருமை பேசும் கதையாகச் சரிந்துவிடும். அப்படிச் சரிந்தவை நம் மொழியில் ஏராளம்.

படி 10: முடிவைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. குழந்தை சாவது வாசகரை அழவைக்கும் குறுக்குவழி; சாவுக்குப் பிறகு அம்மாயி என்ன செய்கிறார் என்பதற்கு இரண்டு பக்கமாவது ஒதுக்க முடியாவிட்டால் அந்த வழியில் போக வேண்டாம். குழந்தை தப்பிச் செல்வது அடுத்தது. லோயிஸ் லோரியின் 1993-ஆம் ஆண்டு நாவலான 'த கிவர்', கொல்லப்படவிருந்த சிசுவைத் தூக்கிக்கொண்டு ஓடும் சிறுவனை, அவன் போய்ச் சேர்ந்தானா இல்லையா என்று உறுதியாகச் சொல்லாமல் விட்டது. அந்த நிச்சயமின்மைதான் அதன் வலிமை. மூன்றாவது வழி, குழந்தை எண்களின் பொருளைக் கற்றுக்கொள்வது. சரசு ஒரு நாள் தன்னைவிடச் சின்னப் பையனிடம் "நீ பதினொண்ணு, என் கட்டத்துல ஆடக் கூடாது" என்று சொன்னால், சாவைவிடக் கொடிய முடிவு அது. நான் எழுதுவதாக இருந்தால் இதைத்தான் எழுதுவேன்.

எதைத் தேர்ந்தாலும் கோவூர்கிழாரின் கடைசி அடியைக் கவனியுங்கள். "கேட்டனை யாயின்நீ வேட்டது செய்ம்மே" என்று முடிக்கிறார்: நான் சொன்னதைக் கேட்டாய், இனி நீ விரும்பியதைச் செய். பிள்ளைகள் பிழைத்தார்கள் என்ற செய்தி பாட்டுக்குள் இல்லை. அது பாட்டின் அடிக்குறிப்பில்தான் வருகிறது. பாட்டு முடியும்போது யானை அங்கேயே நிற்கிறது, மன்னன் இன்னும் வாய் திறக்கவில்லை.

படி 11: திருத்தும்போது செய்ய வேண்டியவை

முதல் பிரதி முடிந்ததும் குழந்தை வரும் இடங்களை எல்லாம் மறைத்துவிட்டுக் கதையைப் படியுங்கள். விதி அப்போதும் அதே அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தால், குழந்தைக்கு வேலை இல்லை என்று பொருள். ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போங்கள். பிறகு அவளுடைய வசனங்களை மட்டும் தனியே எடுத்து, அந்த வயதுள்ள ஒரு குழந்தை அருகில் இருந்தால் அதனிடம் வாசித்துக் காட்டுங்கள். புரியாத சொல்லுக்கு அது முகம் சுளிக்கும், அங்கே பேனாவை வையுங்கள். "கள்ளமற்ற", "பிஞ்சு", "மழலை", "பால்மணம் மாறாத" ஆகிய சொற்களைத் தேடி நீக்குங்கள். கடைசியாக, சரசு அழும் இடங்களை எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால் முதலில் வருவதை வெட்டலாம், அவள் கண்ணீரை அடக்கிக்கொள்ளும் இடங்களையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.